லயத்து வாசலில் ஒரு புத்தகப் பெட்டி

கேள்வி: ‘ஒன்றை வைத்து ஒன்றை எடு’ என்று எங்கள் லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) புத்தகப் பெட்டி வைத்தோம். மூன்று மாதத்தில் பழைய பரீட்சை வினாத்தாள்கள்தான் மிச்சம். மூடிவிடலாமா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: மூடாதீர்கள் தங்கச்சி. 2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டாட் போல் தன் வீட்டு வாசலில் வைத்த ஒரே ஒரு பெட்டியிலிருந்துதான் இது உலகமெங்கும் பரவியது. ஆனால் பெட்டியைச் சும்மா விட்டால் வீட்டுக்கு வேண்டாததுதான் வந்து சேரும், அதனால் முதல் இருபது புத்தகத்தை நீங்களே பார்த்து வையுங்கள். நம் மலையக எழுத்தாளர்கள் சி.வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் நூல்கள் கட்டாயம் இருக்கட்டும். கொழுந்துக் கூடையும் லயத்துக் காம்பராவும் வருகிற கதையைப் படிக்கிற பிள்ளை, ‘இது நம்ம வீடு மாதிரியே இருக்கே’ என்று நிமிர்ந்து பார்க்கும், அந்த முகத்துக்காகவே இதைச் செய்யலாம். அப்புறம் தமிழும் சிங்களமும் சேர்ந்த சிறுவர் நூல்கள், பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் எடுத்துப் போகும். நடக்க முடியாத பிள்ளை நாயகியாக வரும் கதை கிடைத்தால் விடாதீர்கள். எழுத்துத் தெரியாத அப்பாயிக்குப் பேத்தி வாசித்துக் காட்ட, பெரிய படங்கள் உள்ள புத்தகமும் வேண்டும்.

ஜூன் மழையில் அட்டை ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியாக வாங்கி, பிள்ளைக்காம்பராவுக்குள் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்குள்) வையுங்கள், வேலை முடிந்து பிள்ளையைத் தூக்க வருகிற அம்மாமார் கண்ணிலும் படும்.