போதை விலகலில் தவிக்கும் பச்சிளங்குழந்தை: செவிலியர் கேள்வி பதில்

தாய் எடுத்துவந்த ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகைப் பொருள்), தொப்புள்கொடி வெட்டியதும் குழந்தைக்குக் கிடைக்காமல் போகிறது. அதனால் வரும் தவிப்பு பற்றி, அமெரிக்க மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியர்கள் கேட்டவை.

கேள்வி: தாய் மெத்தடோன் (ஓபியாய்டு பழக்கத்துக்குத் தரும் மாற்று மருந்து) சிகிச்சையில் இருக்கிறார். பிறந்து ஒரு நாள் ஆகியும் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அனுப்பிவிடலாமா?

கூடாது. ஹெராயின் என்றால் பெரும்பாலும் 24 மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். மெத்தடோன் உடலிலிருந்து மெல்லத்தான் இறங்கும். 48 முதல் 72 மணி நேரம் கழித்தே தவிப்பு தொடங்கும். 5 முதல் 7 நாள் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: விலகல் அறிகுறிகளுக்குப் போடும் ஃபின்னகன் மதிப்பெண் 9, 10 என்றே வருகிறது. தவிப்பைத் தணிக்க மார்ஃபின் தொடங்க வேண்டுமா?

எப்போது போட்டீர்கள்? பசியில் வீறிடும் குழந்தைக்குப் போட்டால் ஏறத்தான் செய்யும். பால் கொடுத்த பிறகு, 3–4 மணிக்கொரு முறை போடுங்கள். தொடர்ந்து மூன்று முறை 8க்குக் குறையாமல் வந்தாலோ, இரண்டு முறை 12ஐத் தொட்டாலோ மருந்து என்பது பழைய கணக்கு. 1975இல் வந்த அந்தப் பட்டியலில் தும்மலுக்கும் கொட்டாவிக்கும்கூட மதிப்பெண் உண்டு. தும்முகிற குழந்தைக்கு எதற்கு மார்ஃபின்? மூன்றே கேள்வி போதும்: ஒரு வேளைக்கு 30 மி.லி. குடிக்கிறதா, ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறதா, 10 நிமிடத்துக்குள் சமாதானம் ஆகிறதா? 26 அமெரிக்க மருத்துவமனைகளில் இப்படிப் பார்த்ததில் மருந்து தேவைப்பட்டவர்கள் 52 சதவீதத்திலிருந்து 19.5 ஆகக் குறைந்தார்கள் (2023).

கேள்வி: எவ்வளவு ஆட்டினாலும் அழுகை ஓயவில்லையே?

ஆட்டுவதுதான் சிக்கலாக இருக்கலாம். கைகளை நெஞ்சோடு மடக்கி, முழங்காலை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து, முதுகு லேசாக வளைய துணியில் சுற்றுங்கள். இடுப்பு அசைய இடம் விடுங்கள். நிமிர்த்திப் பிடித்து மேலும் கீழுமாக மெதுவாக ஆட்டுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். ஆட்டும்போது பாடாதீர்கள், முகத்தையும் பார்க்காதீர்கள்; ஒரு நேரத்தில் ஒன்றுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டாவி விட்டால் ‘போதும்’ என்கிறது என்று அர்த்தம். கை நடுங்கினால் மெல்லப் பிடியுங்கள். பிடித்தும் நிற்காவிட்டால் வலிப்பாக இருக்கலாம். உடனே மருத்துவரைக் கூப்பிட்டு, சர்க்கரையும் கால்சியமும் பாருங்கள்.

கேள்வி: பிட்டம் புண்ணாகிவிட்டது.

ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுக்க வேண்டாம்; மலம் பட்ட மேல்பூச்சை மட்டும் துடைத்து, மேலே மறுபடி பூசுங்கள்.

கேள்வி: பிறந்ததும் மூச்சு மந்தமாக இருந்தால், ஓபியாய்டை முறிக்கும் நாலாக்சோன் போடலாமா?

வேண்டாம். விலகல் ஒரேயடியாகத் தாக்கி வலிப்பு வரும். முகமூடியும் பையும் வைத்து மூச்சுக் கொடுங்கள். ஆனால் தாய் வீட்டுக்குப் போகும்போது நாலாக்சோன் மூக்குத் தெளிப்பு ஒன்று கையில் இருக்கட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் மருந்து மிகையாகி உயிர் போகும் ஆபத்து அவருக்குத்தான்.

கேள்வி: தாய்ப்பால்?

மெத்தடோனிலோ அதுபோன்ற மாற்று மருந்தான புப்ரெனார்ஃபினிலோ நிலையாக இருந்து, வேறு போதைப்பொருள் எடுக்காவிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் சி தடையில்லை. காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை கறந்து கொட்டிவிட வேண்டும். எச்.ஐ.வி. இருந்தால் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். பாலைத் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான். மார்பில் போட்டபடியே தாய் கண்ணயர்ந்தால் குழந்தையை எடுத்துத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.