கார் டயரில் திரும்பத் திரும்ப ஆணி ஏறுவது ஏன், என்ன செய்யலாம்?

ஆணி பஞ்சர் என்றால், சாலையில் கிடக்கும் ஆணியோ திருகோ டயரின் ரப்பரைத் துளைத்து உள்ளே போய், காற்று கசிவது. இது அடிக்கடி நடந்தால் வெறும் கெட்ட நேரம் என்று விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் காரணம் இருக்கும்.

முதலில் டயரின் தேய்மானத்தைப் பாருங்கள். தேய்ந்த செருப்பில் முள் சுலபமாக ஏறுகிற மாதிரிதான், ரப்பர் மெலிந்த டயரில் சின்ன ஆணியும் உள்ளே போய்விடும். டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும், அதுவரை காத்திருக்காமல் முன்பே மாற்றுவது இன்னும் நல்லது.

பின் டயரில்தான் அதிகம் ஏறுகிறதா? படுத்துக் கிடக்கும் ஆணி யாரையும் குத்தாது, முன் சக்கரம் அதைத் தட்டி நிமிர்த்திவிட, பின்னால் வரும் சக்கரத்தில் ஏறிவிடுகிறது. அப்புறம், தினமும் போகும் வழியில் கட்டட வேலை நடக்கிறதா, வண்டி நிறுத்தும் இடத்தில் ஆணி சிதறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு காந்தத்தை இழுத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சாலை ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள், குப்பையெல்லாம் அங்கேதான் ஒதுங்கும்.

ஆணியைக் கண்டதும் பிடுங்க வேண்டாம், அதுவே ஓட்டையை ஓரளவு அடைத்து வைத்திருக்கும். காற்றழுத்தம் பார்த்து, பழுது பார்க்கும் இடத்துக்குப் போய், டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து ஒட்டச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஒட்டவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

டியூப்லெஸ் டயர் பஞ்சரே ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் ஆகும், காற்று மெதுவாக இறங்குவதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.