சளிக்கு ஜிப்மர் எதற்கு?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகனுக்கு டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் இலவசம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள என் மச்சானுக்கு பாரீஸில் வைத்தியச் செலவு திரும்பக் கிடைக்கிறது. நானோ சளிக்காக புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் அரை நாள் வரிசையில் நிற்கிறேன். நமக்கு எப்போது விடிவு? அடுத்த மாதம் மகனிடம் போகிறேன். அங்கேயே முழங்கால் வலியையும் காட்டிவிட்டு வரலாமா?
— ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சளிக்கு ஜிப்மரா? கடலூரிலிருந்து பஸ் ஏறி, கோரிமேடு வரைக்குமா?

உங்கள் மகனையே கேளுங்கள். சளி பிடித்தால் லண்டனில் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்த்துவிட முடியாது. வீட்டுப் பக்கத்து ஜி.பி.யிடம், அதாவது பொது மருத்துவரிடம், பெயர் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் எழுதிக் கொடுத்தால்தான் நிபுணர். அதற்கப்புறமும் காத்திருப்புதான். நூற்றுக்கு 92 பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் இலக்கு. அதை அவர்கள் கடைசியாக எட்டிப் பல வருஷம் ஆகிறது. காசு வாங்காத இடத்தில் பொறுமையை வாங்குகிறார்கள். மகன் வேலை விசாவில் இருந்தால் பெரும்பாலும் வருஷத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் கட்டியிருப்பார். அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

மச்சான் கதையும் அப்படித்தான். பிரான்ஸில் சாதாரண டாக்டரைப் பார்க்க 30 யூரோ. அதில் 70 சதவீதத்தை அரசுக் காப்பீடு ஏற்கிறது, அதிலும் 2 யூரோ பிடித்துக்கொண்டு. மிச்சத்துக்குத் தனிக் காப்பீடு. ஆனால் 'இவர்தான் என் டாக்டர்' என்று ஒருவரைப் பதிவு செய்யாமல் இஷ்டத்துக்கு டாக்டரை மாற்றினால் அந்த 70 சதவீதம் 30 ஆகிவிடும்.

ஆக, இரண்டு ஊரிலும் நோயாளிக்கு முதலில் தட்ட ஒரு கதவு இருக்கிறது. அங்கே அவரைத் தெரிந்த டாக்டர் இருக்கிறார். நமக்கு அது இல்லை. இருக்கிற இடத்திலும் நாம் தட்டுவதில்லை. புற்றுநோய்க்கும் இதயத்துக்கும் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வருகிறவர்கள் நிற்கிற வளாகத்தில் உங்கள் சளியும் நிற்கிறது. அவர்களுடைய அரை நாளையும் சேர்த்துத்தான் தின்கிறீர்கள்.

அரசுகளை விட்டுவிடவில்லை. கடலூர் ஆஸ்பத்திரி தமிழ்நாட்டுடையது, புதுச்சேரி ஆஸ்பத்திரி யூனியன் பிரதேசத்துடையது, ஜிப்மர் மத்திய அரசுடையது. இத்தனை அருகருகே மூன்று அரசுகள் இருந்தும், நம் ரிப்போர்ட்டுகள் இன்னும் பெரும்பாலும் நம் கையில் இருக்கும் பிளாஸ்டிக் கவரில்தான் பயணம் செய்கின்றன. தமிழ்நாட்டில் மாத்திரை வாங்கி விநியோகிக்க 1994-இலேயே மருத்துவப் பணிகள் கழகம் அமைத்தார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. இதெல்லாம் சின்ன விஷயமில்லை. ஆனால் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வருகிறவனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா? ஒரே டாக்டர் நாலைந்து வருஷம் அங்கே தங்குகிறாரா? எம்.எல்.ஏ.விடம் பெரிய ஆஸ்பத்திரி கேட்டு மனு கொடுக்கிறோமே, இந்த இரண்டையும் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நீங்கள் உங்கள் பகுதி நிலையத்தின் வாசலையாவது மிதித்ததுண்டா?

சரி, முழங்காலுக்கு வருவோம். நீங்கள் அங்கே விருந்தாளி. ஜி.பி.யைப் பார்க்கக் காசில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் முதல் சிகிச்சைக்குக் காசில்லை. அதைத் தாண்டி ஆஸ்பத்திரி வைத்தியம் என்றால், பெரும்பாலானவற்றுக்கு அவர்களின் வழக்கமான விலையில் ஒன்றரை மடங்கு பில் போடுவார்கள். பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள். ஏற்கெனவே இருக்கும் வலிக்குப் பணம் தருவார்களா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். முழங்காலைக் கடலூர் மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரியிலேயே காட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.