பட்டறைப் பதில்கள்: அலுமினியத்துக்கு ஆர்கானா, எபாக்ஸியா?

செயின் அறுந்து சுருண்டதில் பைக்கின் கிராங்க்கேஸில் (இன்ஜினின் கீழ்ப்பாக அலுமினியக் கூடு), முன் ஸ்புராக்கெட்டுக்குப் பின்னால் விரல் நீளக் கீறல். ஆயில் கசிகிறது. புனலூர் மெக்கானிக் ஆர்கான் வெல்டிங் வைக்கச் சொல்கிறார். தென்காசியில் எபாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்து போடும் பசை) போதும் என்கிறார்கள். எது சரி?
- வாசகர், செங்கோட்டை

கீறலின் இரு முனைகளும் எங்கே முடிகின்றன என்று முதலில் பாருங்கள். அது பேரிங் உட்காரும் இடத்தையோ போல்ட் முறுக்கும் தடித்த பகுதியையோ தொட்டிருந்தால் எபாக்ஸி பேச்சே வேண்டாம். இன்ஜினை முழுதாகப் பிரித்து வெறும் கேஸை ஆர்கானில் பற்றவைக்க வேண்டும். சூட்டில் பேரிங் குழி கோணிக்கொள்ளும் என்பதால் பிறகு லேத்தில் சரிபார்த்தாக வேண்டும். இத்தனை கூலியையும் கூட்டிப் பார்த்தால், நல்ல பழைய கேஸ் ஒன்றை வாங்கி மாற்றுவதே பெரும்பாலும் மலிவாக முடியும்.

வெறும் சுவரில் மட்டும்தான் கீறல் என்றால் எபாக்ஸி தாராளமாகப் போதும். அங்கே சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அழுத்தமும் பெரிதாகக் கிடையாது. ஆனால் சாதாரண வீட்டுப் பசைகள் 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். உலோகத்தூள் கலந்த, 150 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று உறையில் போட்டிருக்கும் இரட்டைக் கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டியது பெயர்ந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பசை இல்லை, கீறலுக்குள் ஒளிந்திருக்கும் ஆயில்தான். ஆயிலை வடித்துவிட்டு, பெயின்டைச் சுரண்டி, கீறலின் இரு முனையிலும் 2 மி.மீ. துளை போடுங்கள், கீறல் மேலும் ஓடாது. டிரில் பிட்டில் கிரீஸ் தடவிக்கொண்டால் தூள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ளும். சுவர் 3 அல்லது 4 மி.மீ. தடிமன் இருக்கும், அதில் பாதி ஆழத்துக்குக் கீறலை 'வி' வடிவில் அகலப்படுத்துங்கள். பிறகு ஹீட் கன்னால் சூடாக்க, ஆயில் வியர்த்து வெளியே வரும். அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறை படிவது நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் ஒரே தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கீறலின் இருபுறமும் 20 மி.மீ. அகலத்துக்கு 80ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, முதலில் மெல்லிய பூச்சை அழுத்தித் தேயுங்கள். அதன்மேல் கண்ணாடி இழைத் துணி ஒரு துண்டு, அதற்கும் மேலே 3 மி.மீ. பூச்சு. இதைவிடத் தடிமனாக அப்ப வேண்டாம். சூட்டில் எபாக்ஸி அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். தடித்த கட்டி ஓரத்திலிருந்து பெயர்ந்துவிடும். 24 மணி நேரம் வண்டியைத் தொடாதீர்கள். உங்கள் ஊர்ச் சாரல் நாட்களில் அதுவும் போதாது. ஓர் அடி தள்ளி 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு இன்னும் சில மணி நேரம் காயவிடுங்கள்.

கல்லூரிப் போட்டிக் காருக்கு 6061 ரக அலுமினியத்தில் இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) செய்கிறோம். குழாய்த் தடிமன் 2 மி.மீ., ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டுப் பொருத்தும் தட்டை முகம்) 10 மி.மீ. வெல்டிங்கில் வளைந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் எபாக்ஸியால் ஒட்டலாமா?
- மாணவர், கோபாலபுரம், பொள்ளாச்சி

இன்ஜின் ஹெட்டோடு சேரும் ஃபிளாஞ்சையும் குழாய்களையும் பற்றவையுங்கள். அங்கே சூடு, அதிர்வு, பெட்ரோல் மூன்றும் சேர்கின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் பல எபாக்ஸிகளை மென்மையாக்கும். உள்ளிருந்து ஒரு துணுக்கு உடைந்தாலும் அது நேரே வால்வுக்குத்தான் போகும்.

குழாய்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் காற்றுப்பெட்டியின் மூட்டுகளை ஒட்டலாம். ஆனால் விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று 25 மி.மீ. நுழையும்படி செய்து, ரிவெட்டும் அடியுங்கள். பேக்ஃபயர் (தீ பின்னோக்கிக் குழாய்க்குள் வெடிப்பது) ஒன்று போதும், வெறும் பசை மூட்டு பிளந்துவிடும்.

வளைவைப் பற்றி: 20 மி.மீ. இரும்புத் தகட்டில் ஃபிளாஞ்சை போல்ட் போட்டு இறுக்கி, குழாய்க்குக் குழாய் மாற்றி மாற்றிச் சிறு சிறு துண்டாகப் பற்றவையுங்கள். முழுதாக ஆறிய பிறகே போல்ட்டைக் கழற்ற வேண்டும். பிறகு முகத்தை மில்லிங்கில் ஒரு சீவு. அதற்கென்று ஃபிளாஞ்சை 11 மி.மீ. தடிமனில் வெட்டிவையுங்கள். ஃபிளாஞ்சை 100 டிகிரிவரை முன்சூடு செய்து, டார்ச்சைத் தடித்த பக்கமே அதிகம் காட்டுங்கள். டிக் (ஆர்கான் வெல்டிங்) மெஷின் ஏசி கரன்டில் இருக்கட்டும். கரன்ட் தடிமனில் ஒரு மில்லிமீட்டருக்கு 40 ஆம்பியர் என்று தொடங்கிக் கூட்டிக் குறைக்கலாம். 6061-ஐ ராடு கொடுக்காமல் வெறுமனே உருக்கி இணைத்தால் ஆறும்போதே விரிசல் விடும். 4043 ரக அலுமினிய ராடு கட்டாயம். பற்றவைத்த இடத்தை ஒட்டிய உலோகம் முன்பிருந்த வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். எனவே தாங்கு பட்டைகளை வெல்டுக்கு அருகில் வைக்காதீர்கள்.

கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறும்போது கார் சூடாகி, அலுமினிய ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே கீறல். உயர்வெப்ப எபாக்ஸி இருக்கிறதாமே?
- வாசகர், கம்பம்

இந்த இடத்துக்கு எந்த எபாக்ஸியும் கிடையாது. முன்சூடு செய்து பற்றவைத்து, வால்வு சீட் மாற்றி, முகத்தைச் சமமாகப் பிளேன் அடித்து, தண்ணீரில் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் ஹெட் பட்டறை கிடைத்தால் கொடுங்கள். இல்லையேல் வேறு ஹெட். எதுவானாலும், ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் மூன்றையும் பார்க்காமல் மறுபடி மலை ஏற்றாதீர்கள்.

ரப்பர் மரம் அறுக்கும் செயின்சாவின் கேஸ் உடைந்துவிட்டது. அலுமினிய வெல்டிங் வைக்கலாமா?
- வாசகர், குலசேகரம்

அது அலுமினியமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல செயின்சாக்கள் பலவற்றின் கேஸ் மக்னீசியக் கலவை. கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் சுரண்டி, பளிச்சென்ற இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்தால் மக்னீசியம்; அலுமினியம் சும்மா இருக்கும். மக்னீசியத்துக்கு அலுமினிய ராடு சேராது, தனி ராடு வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அது இருக்காது. செயின் ஆயில் டேங்க் கீறல் என்றால், மேலே சொன்னபடி சுத்தம் செய்து எபாக்ஸி போடலாம். பாரை (செயின் சுற்றி ஓடும் தகடு) பிடிக்கும் ஸ்டட் பகுதி உடைந்திருந்தால் ஒட்டாதீர்கள், கேஸையே மாற்றுங்கள்.

இன்னொன்று: மக்னீசியத்தை அரமோ கிரைண்டரோ போட்டால் விழும் தூள் தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். அவ்வப்போது கூட்டி அள்ளிவிடுங்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ இன்னும் கூடும். நன்றாகக் காய்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். ஈர மணலும் ஆபத்துதான்.