இரட்டை விண்மீன்களை எடை போடுவது எப்படி?

நீள்வட்டப் பாதையில் ஒன்றையொன்று சுற்றும் விண்மீன்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: விண்மீனின் நிறையை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

தனி விண்மீன் என்றால் சிரமம். துணை இருந்தால் வழி உண்டு. இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ் நேர்கோட்டில் நகராமல் அலைபாய்வதைக் கவனித்த ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல், கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதை இழுக்கிறது என்று 1844இல் சொன்னார். 1862இல் அமெரிக்கத் தொலைநோக்கி வல்லுநர் ஆல்வன் கிரஹாம் கிளார்க் அந்தத் துணையைத் தொலைநோக்கியில் பார்த்தே விட்டார். ஒரு சுற்றுக்கு 50.1 ஆண்டுகள். பாதையின் அரைநெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி, வானில் 7.5 விநாடிக் கோணம் (ஒரு விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). தொலைவு 8.6 ஒளியாண்டு என்பதால் அது 19.8 வானியல் அலகு ஆகிறது (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்). இனி பாதையின் அளவையும் சுற்றுக்காலத்தையும் நிறையோடு இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதி: 19.8இன் கனத்தை 50.1இன் வர்க்கத்தால் வகுத்தால் 3.1. இரண்டும் சேர்ந்து சூரியனைப்போல் மூன்று மடங்கு நிறை. பங்கு பிரிப்பதும் எளிது. இரண்டும் சுற்றிவரும் பொதுமையத்திலிருந்து சிரியஸ் விலகும் தூரம் துணை விலகுவதில் பாதிதான். ஆகவே சிரியஸுக்கு இரண்டு பங்கு, துணைக்கு ஒன்று. அந்தத் துணை ஒரு வெண்குறுமீன், எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த மிச்சம். பூமியளவே உள்ள அதற்குள் ஒரு சூரியனின் நிறை!

கேள்வி: சாய்ந்த வட்டமும் நீள்வட்டமாகத்தானே தெரியும்?

நல்ல கேள்வி. வளையலைச் சாய்த்துப் பிடித்தாலும் அதன் மையம் மையமாகவே இருக்கும். இரண்டில் பிரகாசமான முதன்மை விண்மீன் துணையின் பாதையில் மையத்தை விட்டு ஒதுங்கி நின்றால் பாதை உண்மையிலேயே நீண்டது. சிரியஸில் மையத்தொலைத்தகவு (பாதை எவ்வளவு நீண்டது என்பதன் அளவு; வட்டத்துக்கு 0) 0.59, இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 8 முதல் 31 வானியல் அலகு வரை மாறுகிறது.

கேள்வி: பாதை மிக நீண்டிருந்தால் அளப்பது கடினமா?

காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கன்னி ராசியிலுள்ள போரிமா என்ற இரட்டை விண்மீனுக்கு மையத்தொலைத்தகவு 0.88, சுற்றுக்காலம் சுமார் 169 ஆண்டுகள். பெரும்பாலான காலம் தொலைவில் மெல்ல ஊர்கிறது. அந்தத் துண்டை மட்டும் வைத்துப் பாதை வரைந்தால் பல விடைகள் பொருந்தித் தொலைக்கும். 1836இல் மிக நெருங்கியபோது பல தொலைநோக்கிகளில் ஒற்றை விண்மீனாகவே தெரிந்தது. அடுத்த நெருக்கம் 2005இல். என்னைக் கேட்டால், அந்தச் சில ஆண்டுகளின் அளவீடுகளுக்காக இடைப்பட்ட நூறாண்டு அளவீடுகளையே கொடுத்துவிடலாம்.

கேள்வி: தொலைநோக்கியில் பிரிந்தே தெரியாதவற்றை?

நிறமாலை இருக்கிறது. விண்மீன் நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் அதன் ஒளியைப் பிரித்த நிறமாலையில் கோடுகள் நகரும்; அதிலிருந்து வேகம் தெரியும். வட்டப்பாதையில் வேக வரைபடம் சீராக ஏறி இறங்கும் சைன் அலை. நீள்வட்டத்தில் அது கோணிக்கொள்ளும். அந்தக் கோணலிலிருந்து மையத்தொலைத்தகவு கிடைக்கும். பாதையின் சாய்வு தெரியாததால் நிறைக்குக் குறைந்தபட்ச மதிப்பு மட்டுமே சொல்லலாம். ஒன்றையொன்று மறைத்தால் சாய்வும் ஆரங்களும் சேர்ந்து வந்துவிடும். டிஐ ஹெர்குலிஸ் என்ற இரட்டை விண்மீன் அப்படிப்பட்டது: சுற்றுக்காலம் 10.55 நாள், ஆனால் மறைப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை. ஒன்றுக்குப் பின் சுமார் 8 நாள், அடுத்ததற்கு இரண்டரை நாள்.

கேள்வி: அந்த டிஐ ஹெர்குலிஸ் ஐன்ஸ்டைனைத் தோற்கடித்ததாமே?

இல்லை. அதன் நீள்வட்டம் நீண்டிருக்கும் திசை, கணக்குச் சொன்னதைவிட மிக மெதுவாகத் திரும்பியது. அந்தக் கணக்கில் பங்குள்ள ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல்மேலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள். மறைப்பின்போது நிறமாலைக் கோடுகள் உருமாறும் விதத்தை அளந்த ஆய்வாளர்கள் 2009இல் முடிச்சை அவிழ்த்தார்கள்: இரண்டு விண்மீன்களும் தம் சுழலச்சு பாதையின் தளத்தில் சாய்ந்து, ஏறத்தாழப் படுத்தபடி சுழல்கின்றன. அப்படிச் சுழலும் தட்டையான விண்மீன்கள் பாதையை எதிர்த்திசையில் திருப்பும். அச்சுகள் நிமிர்ந்துதான் நிற்கும் என்று எல்லோரும் வைத்துக்கொண்டதில் வந்த வினை.

கேள்வி: நான்கு அங்குலத் தொலைநோக்கியில் நான் எதை அளக்கலாம்?

சிரியஸின் துணை வேண்டாம், முதன்மையின் கண்கூசும் ஒளியில் மறைந்துவிடும். ஏப்ரல், மே இரவுகளில் போரிமாவைப் பாருங்கள்; இப்போது 3 விநாடிக்கு மேல் பிரிந்திருக்கிறது. இடைவெளியையும், முதன்மையிலிருந்து துணை எந்தத் திசையில் இருக்கிறது என்ற திசைக்கோணத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை குறித்தால் போதும்.