வலி மாத்திரையும் ராத்திரி மூச்சும்: நர்ஸ் அக்காகிட்ட கேளுங்க

வணக்கமுங்க. முன்ன ஐசியூல இருந்தேன், இப்ப கோயமுத்தூர்ல வீட்டுக்கே போயி கேன்சர்காரங்களப் பாக்கற டீமுல இருக்கேன். தெரிஞ்சதச் சொல்றேன்.

கோபி: அக்கா, அப்புச்சிக்கு கேன்சருங்க. மார்ஃபின் மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாளாச்சு. பகல்லயும் தூங்கறாரு, ராத்திரி கொறட்டை நின்னு நின்னு வருது. நல்ல தூக்கந்தானுங்களா?

நல்ல தூக்கம்னு நெனச்சராத கண்ணு. மொத சில நாளு மயக்கம் சகஜம், அப்புறம் கொறையணும். ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுனா மூளைத்தண்டு மூச்ச இழுன்னு சொல்லும், மார்ஃபின் அந்த எடத்தையே மந்தமாக்கிரும், முழிச்சிருந்தா எப்படியோ சமாளிச்சுக்கும், தூங்குனா அந்தத் தொணையும் போயிருது. தொண்டைச் சதையும் தளந்துரும், அதான் கொறட்டை. ஆழ்ந்த தூக்கமும் கனவு வர்ற தூக்கமும் கொறைஞ்சுரும், அதான் நாள்பூரா படுத்திருந்தும் அசதி.

உடுமலைப் பக்கம் ஒரு வீட்டுல அப்பா அருமையா தூங்கறாருங்கன்னாங்க. பக்கத்துல உக்காந்து போர்வைய எறக்கி நெஞ்சப் பாத்தேன். நாலு மூச்சு வேகமா வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல, கடியாரத்துல 20 நொடி ஓடிருச்சு, அப்புறந்தான் கொர்ர்னு இழுத்தாரு. 10 நொடி நின்னாலே டாக்டருங்க அத மூச்சு நிக்கறதுன்னுதான் கணக்கு வெப்பாங்க.

இன்னிக்கு ராத்திரி எழுப்பாம முழுசா ஒரு நிமிசம் எண்ணு. பெரியவங்களுக்கு 12லிருந்து 20 வரைக்கும் இருக்கணும். மாத்திரைய நீயா நிறுத்தாத, வலி தாங்க மாட்டாரு. ஒண்ணுக்கு கொறைஞ்சிருக்கான்னும் பாரு, கிட்னி சொணங்குனா மார்ஃபின் ஒடம்புலயே தேங்கிரும்.

பெருந்துறை: முதுகுவலிக்கு டிரமடால் போடறேனுங்க. தூக்கத்துக்கு பழைய சீட்டுல இருந்த அல்பிரசோலம் சேத்துக்கலாமா? சனிக்கெழமை ரெண்டு பெக்கும் உண்டு.

வேண்டாமுங்ணா. டிரமடால் மார்ஃபின் வகை, அல்பிரசோலம் பதட்டத்துக்குக் குடுக்கற மயக்க வகை, அப்புறம் பெக்கு, மூணுமே மூச்ச அமுக்கறது. இந்த ரெண்டு வகை மாத்திரையயும் சேக்கறதுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2016லயே கட்டம் கட்டி எச்சரிச்சிருக்கு. நரம்புக்குக் குடுக்கற பிரிகாபலினும் சாப்பட்டா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

பல்லடம்: சிபாப் மெஷின் போட்டா சரியாயிருமா?

அது முகமூடி வழியா காத்த அழுத்தி அனுப்பற மெஷினுங்க, தொண்டை அடைக்கறதுக்கு ஒதவும். மூளையே மூச்ச இழுன்னு சொல்லலைன்னா அது மட்டும் பத்தாம போகலாம். ஸ்லீப் டெஸ்ட் எடுத்தாத்தான் எதுன்னு தெரியும்.

திருப்பூர்: தம்பி டேபண்டடால்ங்கற வலி மாத்திரையக் கரைச்சு ஊசி போட்டுட்டு இருந்தான். விட்டு ரெண்டு வாரம், பொட்டுத் தூக்கமில்லக்கா.

விட்டதே பெருசு சாமி. தூக்கம் திரும்ப வாரக்கணக்கா ஆகும், அவன் தப்பில்ல. எனக்கு பயம் வேற. தூக்கம் வரலைன்னு பழைய அளவையே மறுபடி போட்டான்னா ஒடம்பு தாங்காது, பழக்கம் விட்டுப் போச்சில்ல, தூக்கத்துலயே மூச்சு நின்னுரும். ஒதடு நீலமாயி, தட்டியும் எந்திரிக்கலைன்னா ஒடனே 108, என்ன போட்டான்னு ஒளிக்காம சொல்லு, நாலோக்ஸோன் ஊசி போட்டு மீட்டுருவாங்க. போதைய விடறதுக்கு ஒதவற 14446க்குப் பேசு, இலவசந்தான்.

கோபி: அக்கா, எண்ணிட்டேன். 7 தானுங்க வருது.

இப்பவே தோளத் தட்டி பேரச் சொல்லிக் கூப்புடு. கண்ணத் தொறந்து பேசுனாருன்னா தலைய ஒசத்தி வெச்சுட்டு அவரப் பாக்கற டாக்டர் டீமுக்கு போன் பண்ணு, அவங்க சொல்லாம அடுத்த மாத்திரை குடுக்காத. எந்திரிக்கலைன்னா 108. போனக் கைலயே வெச்சிரு கண்ணு, நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்.