ஓநாயா, நாயா? கேள்வி பதில்

புணே பக்கத்துப் புல்வெளிகளில் ஓநாய்களுக்காக வேலை செய்யும் கால்நடை மருத்துவன் நான். நாயோடு கலந்து பிறந்த ஓநாய்களைக் காட்டில் விடாமல் பிடித்துக் காக்க வேண்டும் என்பவனும் நான்தான். எதையும் கேளுங்கள், குட்டி விலையைத் தவிர.

கே: ஓநாய்க் கலப்பு நாய்க்குட்டி எங்கே கிடைக்கும்?

ஆரம்பமே இதுதானா? சொல்ல மாட்டேன்.

கே: அமெரிக்காவில் வளர்க்கிறார்களே?

வளர்க்கிறார்கள், அப்புறம் கைவிடுகிறார்கள். குட்டியாக இருக்கும்வரை மடியில் தூங்கும். இரண்டு மூன்று வயதில் பருவம் வந்ததும் சுபாவம் மாறிவிடும். எட்டடி வேலி போட்டால் அடியில் தோண்டிக்கொண்டு வெளியே போகும். தரைக்குள்ளும் கம்பிவலை புதைக்க வேண்டும். நாய்க்கான வெறிநோய்த் தடுப்பூசிக்கு அங்கே கலப்பினத்துக்கு உரிமம் இல்லை. ஊசி போட்டிருந்தாலும், யாரையாவது கடித்துவிட்டால் அதைக் கொன்று மூளையைச் சோதிக்கும் நிலை வரலாம். வாஷிங்டன் மாநிலத்தில் 1982 முதல் இயங்கும் ‘உல்ஃப் ஹேவன்’ போன்ற காப்பகங்கள் இப்படிக் கைவிடப்பட்டவற்றுக்கு ஆயுள் முழுக்கச் சோறு போடுகின்றன. கேட்டு வரும் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் கிடைக்காது.

கே: ஆடு நனைகிறதே என்று ஓநாய்...

இதை எழுதிவிட்டுச் சிரிக்கும் ஐந்தாவது ஆள் நீங்கள்.

கே: ராஜபாளையம் நாய் ஓநாய்க் கலப்பா?

இல்லை. எல்லா நாய்க்கும் உள்ள பழைய உறவுதான் அதற்கும்.

கே: கலப்புக்குட்டி என்ன விலை?

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: நாயும் ஓநாயும் சேர்வது இயற்கைதானே? நீங்கள் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்?

நல்ல கேள்வி. இந்தியாவில் இரண்டாயிரம், மூவாயிரம் ஓநாய்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நாய்க்கூட்டம். கலந்துகொண்டே போனால் ஓநாய் இனமே கரைந்துவிடும். புணே அருகே வெளிறிய மஞ்சளாக ஒரு விலங்கைப் பார்த்து உள்ளூர் ஆர்வலர்கள்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். மரபணுவைப் பார்த்ததில் கலப்பு உறுதியானது. 2023இல் ஆய்வு வெளிவந்தது. கூட்டம் நன்றாக இருந்தால் பெண் ஓநாய் நாயைப் பெரும்பாலும் அண்டவிடாது. துணை செத்து, கூட்டம் சிதறினால்தான் ஆபத்து. ஆட்டைப் பறிகொடுத்த கோபத்தில் ஒருவர் செத்த ஆட்டில் விஷம் வைத்தால் போதும், கூட்டம் கலைந்துவிடும்.

கே: அப்படியென்றால் கலப்புகளைப் பிடித்து அடைப்பது ஏன்? நாய்க்குக் கருத்தடை செய்தால் போதாதா?

கருத்தடை இல்லாமல் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே காட்டில் திரியும் கலப்பு மறுபடி ஓநாயோடு சேர்ந்தால், இரண்டு தலைமுறையில் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால் பிடித்து, கருத்தடை செய்து, கூண்டில் காக்கலாம் என்பது என் கட்சி.

கே: அதன் குற்றம் என்ன? ஆயுள் தண்டனையா?

குற்றம் எதுவும் இல்லை. கூண்டுக்குள் அது ஒரே தடத்தில் நடந்து நடந்து மண் தேய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கும் உறுத்தும். ஆனாலும் என் கட்சி மாறவில்லை. இறைச்சிக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டுவதை நிறுத்துங்கள், நாய்க்கு டிஸ்டெம்பர் (ஓநாய்க்கும் தொற்றும் வைரஸ் நோய்) தடுப்பூசி போடுங்கள், ஆடு போனவருக்கு இழப்பீடு சீக்கிரம் கிடைக்கட்டும். கூண்டின் தேவையே குறையும்.

கே: வயலோரப் புதரில் நான்கு ஓநாய்க்குட்டிகள், தாயைக் காணோம். எடுத்து வரட்டுமா?

தொடாதீர்கள்! தாய் இரை தேடிப் போயிருக்கும். எடுத்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. தள்ளி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். படம் எடுத்திருந்தால் இடத்தின் பெயரோடு எங்கும் போடாதீர்கள். குட்டி தேடுபவர்கள் மேலே இரண்டு பேர் இருக்கிறார்கள்.